விசைப்பலகை வேலையும் இடையோய்வும்

முன்னுரை

கொல்கத்தா நகரின் தென்பகுதியாகிய அலிப்பூரில் மத்திய அரசாங்கத்தின் நிலையங்கள் பல உள்ளன. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். ஒன்று, பெல்வெடீர் மாளிகைத் தோட்டத்திலுள்ள தேசிய நூலகம். 1953ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்கள் இதனை அவ்விடத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார். 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியும் இந்நூலகத்துக்கு வந்துசேர வேண்டும். பேராசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை அவர்களின் நூற்றொகுதி முதலாகத் தமிழ் நூல்களும் இங்கே இடம்பெற்றுள்ளன. மற்றொன்று, வங்காள விரிகுடாவின் புயல்களைக் கண்காணித்து எச்சரிக்கை விடுக்கும் மண்டல வானிலை மையம்.

நூலையும் காற்றையும் பற்றிய இவ்விரு பணிகளுக்கும் பொதுவான கருவி ஒன்று உண்டு, அது விசைப்பலகை. நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் பதிப்பாண்டும் அட்டவணையில் ஏற வேண்டுமாயின் யாரேனும் ஒருவர் அவற்றைத் தட்டச்சிட வேண்டும். புயலின் நிலை ஊர்களுக்குத் தெரிய வேண்டுமாயின் அறிக்கையை ஒருவர் தட்டச்சிட வேண்டும். பள்ளியில் மாணவர் விவரங்களைக் கணினியில் பதியும் ஆசிரியருக்கும், கிராமத்தில் கைப்பேசியில் கணக்கெடுக்கும் களப்பணியாளருக்கும் இதே நிலைதான்.

இவ்வாறு வேலை செய்வோருக்கு, "சற்றே நிறுத்துக" என்று உரிய நேரத்தில் நினைவூட்டும் மென்பொருள்கள் உள்ளன. அவை எவ்வாறு இயங்குகின்றன, அவற்றால் விளையும் நன்மை எவ்வளவு, அவற்றால் இயலாதது எது என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. தட்டச்சுப் பொறியில் இருந்த ஓய்வு

பழைய தட்டச்சுப் பொறியில் வேலை செய்தோர் தாமறியாமலே அடிக்கடி ஓய்வு பெற்றனர். வரி முடியும் தறுவாயில் மணி ஒலிக்கும். உடனே கையை விசைகளினின்றும் எடுத்து நெம்புகோலைத் தள்ள வேண்டும். பக்கம் முடிந்தால் தாளை உருவி, கரித்தாளை இடைவைத்துப் புதிய தாளைச் செருக வேண்டும். பிழை நேர்ந்தால் அழித்துத் திருத்த வேண்டும். இவையெல்லாம் அக்காலத்தில் வீண் வேலைகளாகவே தோன்றின. ஆயினும் அவை ஒவ்வொன்றும் விரல்களின் அசைவை மாற்றி, தோளையும் கண்ணையும் வேறு நிலைக்குக் கொண்டுசென்றன.

கணினி இவ்வேலைகளை நீக்கிவிட்டது. வரி தானே மடங்குகிறது; பக்கம் தானே பிறக்கிறது; கோப்பைத் தேட எழுந்து செல்லவேண்டியதில்லை. வேகம் கூடியது, அதனுடன் இருந்த ஓய்வும் மறைந்தது. மறைந்துபோன அந்த மணியைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சியே நாம் ஆராயும் மென்பொருள் எனலாம்.

எழுதுவோரின் கைநோய் புதியதன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றிய தமது நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில், எழுத்தர்களின் துன்பத்துக்கு மூன்று காரணங்களைக் கூறினார்: இடையறாது அமர்ந்திருத்தல், கையை ஒரே விதமாக ஓயாமல் அசைத்தல், பிழை நேருமோ என்று மனம் இறுகியிருத்தல். இறகுப் பேனாவைக் குறித்துக் கூறப்பட்ட இம்மூன்றும் விசைப்பலகைக்கும் அப்படியே பொருந்துகின்றன.

2. உடலில் நிகழ்வது யாது?

விரல்களை மடக்கும் தசைகளின் பெரும்பகுதி முன்கையில் உள்ளது. அத்தசைகளின் இழுப்பைத் தசைநாண்கள் விரல்களுக்குக் கொண்டுசெல்கின்றன. மணிக்கட்டிலுள்ள ஓர் ஒடுங்கிய வழியில் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருங்கிச் செல்கின்றன. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவற்றின் உணர்ச்சி அந்நரம்பைச் சார்ந்தது. அவ்வழியில் வீக்கம் உண்டாகி நரம்பு நெருக்கப்பட்டால் அவ்விரல்களில் மதமதப்பும் குத்தலும் தோன்றும். இதற்குத் தட்டச்சு ஒன்றே காரணம் என்று கொள்ளுதல் தவறு. நீரிழிவு, தைராய்டுக் குறைபாடு, கருவுற்ற காலம் ஆகியவற்றிலும் இது தோன்றுவதுண்டு. ஆகவே மதமதப்பு நீடிப்பின் மருத்துவரை அணுகுதலே முறை.

விரல்கள் அசையும்போது கழுத்தும் தோளும் அசையாமலே உழைக்கின்றன. அசையும் தசை சுருங்கி விரியும்போது இரத்தம் எளிதில் வந்து செல்கிறது. இறுகியே இருக்கும் தசையிலோ இரத்த ஓட்டம் குறைகிறது, களைப்பு தங்கிவிடுகிறது. மாலையில் விரலைவிடத் தோளே அதிகமாக வலிப்பதன் காரணம் இதுவே.

கண்ணின் நிலையும் இதைப் போன்றதே. 1993ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர்கள் வெளியிட்ட அளவீட்டின்படி, ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 22 முறை இமைத்தவர்கள், நூல் படிக்கையில் 10 முறையும், கணினித் திரையைப் பார்க்கையில் 7 முறையுமே இமைத்தனர். இமை மூடாத கண் உலர்ந்து எரிகிறது.

இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. வலி, களைப்புக்குப் பின்னரே வருகிறது. வேலையில் ஆழ்ந்தவருக்கு அது இன்னும் தாமதமாகவே தெரிகிறது. ஆகவே, "வலித்தால் நிறுத்துவேன்" என்பவர் எப்பொழுதும் காலங்கடந்தே நிறுத்துகிறார். வலிக்கு முன்னரே நிறுத்தச் செய்வதற்குத்தான் வெளியிலிருந்து ஒரு நினைவூட்டல் வேண்டப்படுகிறது.

3. மென்பொருள் இயங்கும் முறை

இவ்வகை மென்பொருள் கணினியின் பின்னணியில் இருந்துகொண்டு, விசை அழுத்தப்படுவதையும் சுட்டி அசைவதையும் மட்டும் கவனிக்கிறது. எழுதப்படும் பொருளைப் பற்றி அதற்குக் கவலையில்லை. வேலை நடக்கும்போது அதன் கடிகாரம் ஓடும். கை நின்றால் கடிகாரமும் நிற்கும். போதிய நேரம் கை ஓய்ந்திருந்தால் கணக்கு மீண்டும் சூனியத்திலிருந்து தொடங்கும். சுவர்க் கடிகாரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ராப் கேலர்ஸ், ரேமண்டு பென்னர்ஸ் ஆகியோர் உருவாக்கிய வொர்க்ரேவ் என்னும் இலவச மென்பொருளை உதாரணமாகக் கொள்வோம். அதில் மூன்று அளவுகள் முன்கூட்டியே அமைக்கப்பட்டுள்ளன. அவற்றை நாம் மாற்றிக்கொள்ளலாம்.

(அ) சிற்றோய்வு: 3 நிமிட வேலைக்கு 30 வினாடி.
(ஆ) நீளோய்வு: 45 நிமிட வேலைக்கு 10 நிமிடம். அப்போது திரையில் எளிய உடற்பயிற்சிகள் படத்துடன் தோன்றும்.
(இ) நாளளவு: நாளொன்றுக்கு 4 மணி நேர விசைப்பலகை வேலை.

ஓய்வு நேரம் வந்ததும் முதலில் சிறு குறிப்புத் தோன்றும். வேலையாள் அதற்கு இணங்கலாம், சற்று ஒத்திவைக்கலாம், அல்லது முற்றிலும் தவிர்த்துவிடலாம்.

ஈமேக்ஸ் என்னும் பழைய எழுத்துத் தொகுப்பியில் 1990களிலிருந்து உள்ள அமைப்பு வேறொரு வழியைக் கையாளுகிறது. அது நேரத்துடன் விசைகளையும் எண்ணுகிறது. நிமிடத்துக்கு 35 சொல், சொல்லுக்கு 5 விசை என்று கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு 10,500 விசைகளை மேல் எல்லையாக வைக்கிறது. மணி நேரம் முடியுமுன் அவ்வெல்லை கடந்துவிட்டால் அப்பொழுதே ஓய்வைக் கேட்கிறது. அதன் ஐந்திலொரு பங்காகிய 2,100 விசைகூடத் தட்டப்படாவிடின், நேரம் முடிந்தாலும் தொல்லை செய்வதில்லை.

4. தமிழ் எழுத்தும் விசைக் கணக்கும்

சொல்லுக்கு 5 விசை என்னும் கணக்கு ஆங்கிலத்துக்கு உரியது. தமிழுக்கு அது பொருந்துமா என்று பார்ப்போம். "கற்பிக்கப்படுகின்றது" என்னும் சொல்லில் 12 எழுத்துக்கள் உள்ளன. இன்ஸ்கிரிப்ட் முறையில் மெய்யின் புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி விசை தட்ட வேண்டுவதால் 20 விசைகள் தேவைப்படுகின்றன. 1999ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில், இரட்டித்து வரும் வல்லெழுத்துக்கும், இன எழுத்துக்கு முன்வரும் மெல்லெழுத்துக்கும் புள்ளி தானே அமைவதால், அதே சொல்லை 17 விசைகளில் முடிக்கலாம். எம்முறையாயினும், இந்த ஒரு சொல் ஆங்கிலக் கணக்கில் மூன்று சொற்களுக்கும் மேற்பட்ட உழைப்பாகும்.

எல்லாத் தமிழ்ச் சொற்களும் இவ்வளவு நீண்டவையல்ல. ஆயினும், ஒருவரது வேலையை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று அளக்கும் அலுவலகம், தமிழில் தட்டச்சிடுவோரின் விரலுழைப்பைக் குறைத்தே மதிப்பிடுகிறது என்பது இக்கணக்கால் விளங்கும். சொல்லை எண்ணாமல் விசையையும் நேரத்தையும் எண்ணும் மென்பொருள் இவ்விஷயத்தில் நடுநிலையானது.

5. ஆராய்ச்சிகள் கூறுவது

அமெரிக்காவில் தரவு பதியும் பணியாளர் 42 பேரிடம் நடத்தப்பட்ட ஆராய்ச்சி 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வழக்கமான இரு 15 நிமிட இடைவேளைகளுடன், மற்ற மணி நேரங்களில் 5 நிமிட ஓய்வு சேர்த்து அளிக்கப்பட்டது. நாளொன்றுக்கு 20 நிமிட வேலை நேரம் குறைந்தபோதிலும் வேலையின் அளவு குறையவில்லை. உடல் வலியும் கண் களைப்பும் குறைந்தன. நெதர்லாந்தில் 2003ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், கழுத்திலும் கையிலும் வலி கொண்டிருந்த கணினிப் பணியாளர்க்கு நினைவூட்டும் மென்பொருள் அளிக்கப்பட்டது. தாம் குணமடைந்ததாகக் கூறியோர் அவர்களிடையே அதிகம். எனினும் வலியின் கடுமையிலும் நோய் விடுப்பிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இத்தகைய ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கிய 2019ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்று, இடையோய்வின் பயனைப் பற்றிய சான்றுகள் இன்னும் வலுவானவையல்ல என்றே முடிவு செய்தது.

ஆகவே, மென்பொருள் நோயைத் தீர்க்கும் மருந்தன்று. ஆனால் அடிக்கடி எடுக்கும் சிறு ஓய்வால் வேலை கெடும் என்னும் அச்சத்துக்கு ஆதாரமில்லை. அதிகாரிகள் மனத்திற்கொள்ள வேண்டியது இதுவே.

சட்டமும் மெல்ல மெல்ல இக்கருத்தை நோக்கி வந்துள்ளது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரைமணி ஓய்வு தர வேண்டும் என்று வகுத்தது. அது பெரும்பாலும் உடலுழைப்பை எண்ணி வகுத்த அளவு. 1990ஆம் ஆண்டில் ஐரோப்பிய சமூகம் வெளியிட்ட கட்டளையோ, திரை முன் செய்யும் வேலையானது இடையிடையே ஓய்வாலோ வேலை மாற்றத்தாலோ தடைபட வேண்டும் என்று வேலையளிப்போரின் கடமையாக்கிற்று. "வேலை மாற்றம்" என்னும் சொல் கவனிக்கத்தக்கது. ஓய்வென்பது சும்மா இருத்தல் மட்டுமன்று. தட்டச்சை விட்டுக் கோப்பை அடுக்குவதும் விரலுக்கு ஓய்வே.

6. ஒத்திவைக்கும் பொத்தான்

2020ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் அம்பன் புயல் சுந்தரவனத்தை ஒட்டிய மேற்கு வங்கக் கரையைக் கடந்தது. இத்தகைய புயல்களின்போது மூன்று மணிக்கு ஒருமுறையும், கரையை நெருங்குகையில் மணிக்கு ஒருமுறையும் வானிலை அறிக்கை வெளியாகிறது. அவ்வேளையில் "பத்து நிமிடம் எழுந்து நடக்கவும்" என்று திரை கூறினால் அதற்கு யாரும் செவிசாய்க்கமாட்டார், செவிசாய்க்கவும் கூடாது. ஒத்திவைக்கும் பொத்தான் இதற்காகவே அமைந்தது.

ஆனால் எல்லா நாளும் புயல் நாளன்று. மாத இறுதிக் கணக்கு, மேலதிகாரி கேட்ட பட்டியல், மாலைக்குள் முடிக்கவேண்டிய மொழிபெயர்ப்பு என ஒவ்வொன்றையும் புயலாகவே கருதி ஒத்திவைப்போர் பலர். சில நாளில் கை தானாகவே அப்பொத்தானுக்குச் செல்லும்; பிறகு மென்பொருளே நீக்கப்பட்டுவிடும். இது வேலையாளின் குற்றம் மட்டுமன்று. ஓய்வெடுப்பவரைச் சோம்பேறி என்று நோக்கும் அறையில் எந்த மணியும் பயன்படாது. மணி ஒலிக்கும்போது எழுவதற்கு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். உண்மையான நெருக்கடி நாளிலோ இருவர் இணைந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் தட்டச்சிட்டு, முறைமாற்றிக்கொள்வதே வழி.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. விசைகளை எண்ணும் கருவி, "இன்று இவர் எத்தனை விசை தட்டினார்?" என்று மேலாளருக்குச் சொல்லும் கருவியாகவும் மாறக்கூடும். பணியாளரின் நலத்துக்கென எடுத்த கணக்கு அவரிடமே இருத்தல் வேண்டும். அது கண்காணிப்புக்குப் பயன்படுமாயின் ஓய்வு குற்றமாகிவிடும்.

7. களத்திலும் பள்ளியிலும்

கைப்பேசியில் பதிவு செய்வோருக்கு உழைப்பு முழுவதும் பெருவிரலில் இறங்குகிறது. பெருவிரலின் அடியில் மணிக்கட்டோரம் உண்டாகும் தசைநாண் உறையின் வலியை, சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி குவர்வேன் 1895ஆம் ஆண்டிலேயே விவரித்துள்ளார். கணினியில் நிறுவிய மென்பொருள் கைப்பேசி வேலையை எண்ணாது. ஆகவே களப்பணியாளர் தம் வேலையையே அளவுகோலாகக் கொள்ளலாம்: இத்தனை வீடுகளின் பதிவு முடிந்ததும் ஓர் ஓய்வு என்று முறை வைத்துக்கொள்க. கைப்பேசியை ஒரு கையில் பிடித்து மறு கையின் சுட்டுவிரலால் தட்டுதல் நலம். கண்ணுக்கு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பாலுள்ள ஒன்றை 20 வினாடி நோக்குதல் என்னும் எளிய விதி போதும். தெருவோர மரமே அதற்கு உதவும்.

சுருக்கம்

களைப்பு வலிக்கு முன்னரே வருகிறது. ஆதலால் ஓய்வும் வலிக்கு முன்னரே வர வேண்டும். நீண்டு, அரிதாக வரும் ஓய்வைவிடக் குறுகி, அடிக்கடி வரும் ஓய்வு சிறந்தது. மென்பொருள் நினைவூட்டும், ஓய்வைத் தருவது மனிதரே.

வகுப்பறைப் பயிற்சிகள்

1. ஒரு மாணவர் துணிக்கவ்வியைச் சுட்டுவிரலாலும் பெருவிரலாலும் ஒரு நிமிடம் அழுத்தித் திறக்கட்டும், எண்ணிக்கையைக் குறிக்க. இடைவிடாமல் மூன்று முறை செய்க. மறுநாள், ஒவ்வொரு நிமிடத்துக்கும் இடையே 30 வினாடி ஓய்வு தந்து மீண்டும் செய்க. இரு நாள் எண்ணிக்கைகளையும் ஒப்பிடுக. வலி தோன்றினால் உடனே நிறுத்துக.

2. திரையைப் பார்ப்பவர் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை இமைக்கிறார் என்பதை, அவரறியாமல் மற்றொருவர் எண்ணுக. உரையாடும்போதும் எண்ணுக. வேறுபாடு உண்டா?

3. உங்கள் பெயரையும் ஊர்ப் பெயரையும் தட்டச்சிட எத்தனை விசைகள் தேவை என்று கணக்கிடுக. எழுத்துக்களின் எண்ணிக்கையுடன் ஒப்பிடுக.