மழை வரும் முன்னே, பெரியவங்களுக்கு ஒரு பை!



எடப்புளி நாட்டில் ஒரு குழுக் கூட்டத்தில் புயல், மழை, மின்தடை பற்றிப் பேசிக் கொண்டிருந்தோம். ஓரமாக உட்கார்ந்திருந்த ஓர் ஆயா சிரித்துக் கொண்டே கேட்டார்: "ஏங்கண்ணு, எங்க காலத்துல கரண்டே கெடையாது. இதுக்குப் போயி பாடம் நடத்துறீங்களே?"

நல்ல கேள்வி. பதிலை எல்லோரும் சேர்ந்து யோசித்தோம்.

அப்போது கரண்ட் இல்லை. ஆனால் வீட்டில் சாமையும் கேழ்வரகும் இருந்தன. விறகு இருந்தது. கூப்பிட்டால் ஓடிவர நாலு பிள்ளைகள் இருந்தார்கள். இன்று பிள்ளைகள் வேலைக்காகக் கீழே போய்விட்டார்கள். தண்ணீருக்கு மோட்டார் ஓட வேண்டும். பிள்ளையிடம் பேச செல்போனில் சார்ஜ் வேண்டும். தினமும் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை வேண்டும். கரண்ட் போனால் எல்லாம் ஒன்றாக நின்று விடுகிறது. அந்த ஆயாவே கடைசியில், "ஆமாங்கண்ணு, இப்ப நான் தனியாத்தான் இருக்கேன்" என்றார்.

புயல் கடற்கரைக்கு மட்டுமா?

இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஆனால் கடலே இல்லாத ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. டிசம்பர் 1-ல் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். நமக்குப் பக்கத்து மலையான ஏற்காட்டில் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அதற்கு முன் 2018 நவம்பரில் கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன.

நமக்குக் காரவள்ளிப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் பாறை விழுந்தாலும் மாத்திரையும் மேலே வராது, ஆம்புலன்சும் வராது. எனவே ஒரு வாரம் சமாளிக்கத் தயாராக இருப்போம்.

பையில் என்ன வைக்கலாம்?

1. பத்து நாள் மாத்திரை, மருந்துச் சீட்டுடன். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வாங்குபவர்கள், தீரும் வரை காத்திருக்காமல் மழைக்கு முன்பே கேட்டு வாங்கவும்.

2. ஆதார், ரேஷன் கார்டு, பென்ஷன் புத்தகம், காப்பீட்டு அட்டை நகல்கள், பிளாஸ்டிக் கவரில்.

3. டார்ச் லைட், கூடுதல் பேட்டரி, ஒரு விசில். கத்தத் தெம்பில்லாதவர் விசில் ஊதலாம்.

4. பிள்ளைகளின் போன் நம்பர்கள், பெரிய எழுத்தில் காகிதத்தில். போன் அணைந்து விட்டால் நம்பரும் போய்விடும்.

5. கம்பளி, ஒரு மாற்றுத் துணி. கண்ணாடி, கைத்தடி ஆகியவற்றைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைக்கவும்.

வீட்டில் ஒரு வாரத்துக்குச் சாமை அரிசி, கேழ்வரகு மாவு, மழையில் நனையாத விறகு, மூடிய குடத்தில் குடிநீர் இருக்கட்டும்.

கவனம் தேவை!

* இருட்டில் வழுக்கி விழுவதுதான் பெரிய ஆபத்து. வயதானவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் எழுந்து நடப்பதே கஷ்டம். ராத்திரி மழையில் வெளியே போகாமல் உள்ளேயே ஒரு வாளி வைத்துக் கொடுங்கள்.

* குளிருக்குக் கரி நெருப்பு மூட்டிக் கதவைச் சாத்திப் படுக்கக் கூடாது. அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போகும்.

* இன்சுலின் போடுபவர் பிரிட்ஜ் நின்றால் பதற வேண்டாம். தண்ணீர் உள்ள மண்பானைக்குள் ஒரு கிண்ணத்தை மிதக்க விட்டு, மருந்தை நனையாமல் அதில் வைக்கலாம். அடுப்புப் பக்கம் வைக்கக் கூடாது.

* அறுந்து கிடக்கும் கம்பியைத் தொடாதீர்கள். மின்வாரியத்துக்கு 94987 94987-ல் சொல்லுங்கள்.

* நிலத்தில் புது வெடிப்பு, சாய்கிற மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்றுத் தண்ணீர் ஆகியவை மண்சரிவின் அறிகுறிகள். உடனே இடம் மாறுங்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்தது நள்ளிரவுக்குப் பின், ஜனங்கள் தூங்கும் போது. எனவே சந்தேகம் வந்தால் பொழுது சாயும் முன்பே கிளம்ப வேண்டும்.

குழு செய்ய வேண்டியது

பையை மட்டும் வைத்தால் போதாது, ஆள் வேண்டும். தனியாக இருக்கும் பெரியவர்களின் பெயரைக் குழுவில் எழுதுங்கள். ஒருவருக்கு இரண்டு உறுப்பினர் பொறுப்பு. ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னொருவர் பார்க்க வேண்டும். காது கேட்காதவருக்கு மைக் அறிவிப்பு உதவாது. நேரில் போய்த் தோளைத் தொட்டுச் சொல்லுங்கள். வண்டி வராத ஊரில் தூளி கட்டித் தூக்க நாலு பேர் யார் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள்.

அவசர எண்கள்: ஆம்புலன்ஸ் 108. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. முதியோர் உதவி 14567.

கூட்டத்தில் பேசுவோம்

1. நம் ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்?
2. அவர்களில் தினமும் மாத்திரை சாப்பிடுபவர் யார்?
3. பாதை அடைபட்டால் யார் வீட்டில் தங்க வைப்போம்?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். நம்மை வளர்த்தவர்கள் இருட்டில் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது, சகோதரிகளே.