அரிசோனாவை விடு, காரைக்கு வா



தம்பி, நீ அனுப்பிய அரிசோனா கௌபாய் கதையின் பக்கங்கள் வந்து சேர்ந்தன. கை நன்றாக ஓடுகிறது. கறுப்பைப் பயப்படாமல் அப்பியிருக்கிறாய். அது எல்லோருக்கும் கூடி வராது. ஆனால் உன் நாயகன் யார் என்று கேட்டால், தொப்பி, பூட்ஸ், இடுப்பில் இரண்டு ரிவால்வர், அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்த மாதிரி ஆட்கள் அமெரிக்கக் காமிக்ஸில் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். 1948-இல் டூ-கன் கிட்டும் கிட் கோல்ட்டும் வந்தார்கள். 1955-இல் ராஹைட் கிட். மூவருக்கும் ‘கிட்’ என்றே பெயர். சட்டையை மாற்றிப் போட்டால் எவன் எவன் என்று தெரியாது. 1954-இல் தணிக்கை விதிகள் வந்த பிறகு ரத்தம் காட்டுவதே பாடாகிவிட்டது. எதிரியின் கையிலிருக்கும் துப்பாக்கியைச் சுட்டுத் தட்டிவிடுவது பெரிய வீரமானது. பக் ஜோன்ஸ் கதை இன்னும் விசித்திரம். நிஜமான சினிமா நடிகர் அவர். 1942-இல் பாஸ்டன் கேளிக்கை விடுதித் தீ விபத்தில் இறந்துபோனார். இங்கிலாந்தின் குட்டிக் காமிக்ஸ் புத்தகங்களிலோ 1950-களிலும் குதிரையேறிக்கொண்டிருந்தார்!

மறக்கப்பட்டவர்கள் எல்லோருமே மறக்கப்பட வேண்டியவர்கள் என்று நினைத்துவிடாதே. பேட் லாஷ் என்று ஒருவன் 1968-இல் வந்தான். தொப்பியில் பூச்செருகி, நல்ல சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டு, சண்டை என்றால் நழுவப் பார்ப்பவன். நிக் கார்டியின் தூரிகை அவனை அழகாகத் தூக்கிப் பிடித்தது. அவன் பெயரிலான இதழ் ஏழோடு நின்றுவிட்டது. சந்தையின் தீர்ப்பு அது, கலையின் தீர்ப்பல்ல. தேடிப் பார்.

நம் பக்கம் வருவோம். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தொடங்கின. ராணி 2005 வரை ஐந்நூறு இதழ் போட்டது. எத்தனையோ குதிரைக்காரர்கள் வந்து போனார்கள். டெக்ஸ் வில்லர் மட்டும் ஏன் இன்னும் நிற்கிறார்? இத்தாலியில் பொனெல்லி எழுத, கலெப்பினி வரைய, 1948-இல் அவரைத் தொடங்கியபோது அவரும் தலைமறைவுக்காரர்தான். பிறகு நவஹோ இனத்தில் பெண்ணெடுத்தார், மகன் பிறந்தான், இரவுக் கழுகு என்று அந்த மக்களுக்குத் தலைவரானார், புலம்பிக்கொண்டே கூட வர கார்சன் கிடைத்தார். நிஜத்தில் கிட் கார்சன் என்ற ராணுவத்தான் 1863-64-இல் நவஹோக்களின் வயல்களை எரித்தவன். கதையில் அதே பெயர்க்காரர் அவர்களுடைய நண்பர். அந்த நெருடல் மட்டுமே ஒரு தனிக் கதைக்குப் போதும், யாராவது எழுதலாம்.

நமக்குக் கேப்டன் டைகராகத் தெரிந்த புளூபெரியைப் பார். உடைந்த மூக்கு, மழிக்காத முகம், அழுக்கு. வரைந்த ழான் ஜிரோ 1956-இல் மெக்சிகோவில் மாதக்கணக்கில் தங்கி, பாலைவனத்தைக் கண்ணால் பார்த்தவர். அந்த வெயில் 1963-இல் தொடங்கிய அந்தக் கதையின் பாறைகளில் இருக்கிறது. உன் பாறைகளிலோ கூகுளில் பார்த்த படம்தான் இருக்கிறது.

பெரம்பலூர்க்காரன் நீ. உங்கள் பக்கத்துக் காரை கிராமத்துக்குப் போயிருக்கிறாயா? மழை அறுத்த செம்மண் ஓடைகள், பொட்டல் மேடுகள், வெயிலில் பளிச்சிடும் ஜிப்சத் தகடுகள், காலில் இடறும் கடற்கிளிஞ்சல் கல். கடல் கிடந்து பத்துக் கோடி ஆண்டான தரை அது. ஓரத்தில் நிற்கும் சீமைக்கருவேலம், கௌபாய் கதைகளில் வரும் மெஸ்கீட் மரத்தின் உறவுக்காரன். சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். உங்கள் மாவட்டமே விளைவிக்கும் மக்காச்சோளமும் அப்படித்தான். பின்னணிச் சாமான் முழுக்க வந்து இறங்கிவிட்டது. நாயகன்தான் இன்னும் வரவில்லை. அரியலூர்ப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், படிப்படியாக வெட்டிய பள்ளம், சிமெண்ட் ஆலைக்குப் போகும் லாரிகளின் புழுதி. அந்தப் புழுதிக்குள்ளிருந்து ஒருவன் இறங்கி நடந்து வரட்டும். எந்த ஊர்க்காரன், யாருக்குக் கடன்பட்டவன், எதற்குப் பயப்படுகிறவன் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவனுக்குத் தொப்பி வேண்டாம், தலைப்பாகை போதும். குதிரையை அய்யனார் கோயிலில் பார்த்து வரைந்தால் நின்றபடியே நிற்கும். ஓடும் குதிரையை நிஜத்தில் பார்த்து வரை.

தொழில் விஷயம் ஒன்று. பலூனுக்கு இடம் விடு. வெளிநாட்டுப் பக்கங்களுக்குத் தமிழ் வசனம் போடும்போது எழுத்து எப்படி நெருக்கியடிக்கிறது என்று பார்த்திருப்பாய். நீ தமிழிலேயே வரைகிறவன். முதலில் வசனத்தை எழுதி, அளந்து, பிறகு ஆளை நிறுத்து.

அடுத்து எட்டே பக்கம் போதும். காரை ஓடையில் நடக்கட்டும். ஏழாம் பக்கம் வரைக்கும் துப்பாக்கி உறையை விட்டு வெளியே வரக் கூடாது. முடித்ததும் அனுப்பு, தவறாமல் படிக்கிறேன்.