சீரழிந்த பகுதி எது?

நியூயார்க்கின் வெஸ்ட் வில்லேஜ், பழைய செங்கல் வீடுகளும் சிறு கடைகளும் பட்டறைகளும் கலந்திருந்த பகுதி. 1961ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அதன் 14 கட்டடத் தொகுதிகள் 'சீரழிந்தவை'தாமா என ஆராய நகர நிர்வாகம் முனைந்தது. வெறும் ஆய்வுதானே எனத் தோன்றலாம். ஆனால், அச்சொல் கோப்பில் ஏறிவிட்டால் வீடுகளைக் கையகப்படுத்தி இடிக்கவும், நிலத்தைக் கட்டுமான நிறுவனங்களுக்கு விற்கவும் சட்டம் வழிவிடும்.

வீடு, கடை, தொழிற்கூடம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து வைப்பதே ஒழுங்கு என்பது அக்கால நகரமைப்பு வல்லுநர் பலரின் கொள்கை. நிலப்பயன்பாட்டு விதிகளும் பெரும்பாலும் அதனைத் தழுவியே அமைந்தன. அங்கே ஹட்சன் தெருவில் வாழ்ந்த எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் இதனை மறுத்தார். காலையில் கடை திறப்பவர், பள்ளி செல்லும் சிறுவர், இரவில் வீடு திரும்புவோர் என எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருப்பதாலேயே தெரு பாதுகாப்பாக இருக்கிறது என்றும், அந்நடமாட்டத்தைத் தருவது இக்கலப்பே என்றும் அவர் வாதிட்டார். வரைபடத்தில் இது தெரியாது.

குடியிருப்போர் குழு அமைத்து, பொது விசாரணைகளில் எதிர்த்து நின்றனர். 1962இல் நிர்வாகம் திட்டத்தைக் கைவிட்டது. இடிபடாமல் தப்பிய அவ்வீடுகளின் விலையோ பின்னாளில் பன்மடங்கு உயர்ந்தது; இன்று அங்கே ஒரு பட்டறைத் தொழிலாளி வாடகைக்குக் குடியேறுவதும் அரிது.