21 இலக்க எண்ணும் உங்கள் கால்குலேட்டரும்

கம்ப்யூட்டர் கணக்கில் தவறே செய்யாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எக்ஸெல் புரோகிராமைத் திறந்து, ஒரு செல்லில் =(2^67-1)=2^67 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஒரு எண்ணும் அதில் 1 குறைத்த எண்ணும் சமமா என்பதுதான் கேள்வி. "ட்ரூ", அதாவது "ஆம்" என்று பதில் வரும்!

காரணம் எளிது. எக்ஸெல் ஒரு எண்ணில் முதல் 15 இலக்கங்களைத்தான் சரியாக வைத்திருக்கும். நம் எண்ணுக்கோ 21 இலக்கங்கள். முழு எண்ணையும் பார்க்க கால்குலேட்டருக்குச் செல்வோம்.

1. ஸ்டார்ட் மெனுவில் கால்குலேட்டரைத் திறக்கவும்.
2. விண்டோஸ் 10, 11-ல் இடது மேல் மூலையில் உள்ள மூன்று கோடுகளை க்ளிக் செய்து சயின்டிபிக் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.
3. 2 அழுத்தி, எக்ஸின் மேல் சிறிய ஒய் உள்ள பட்டனை அழுத்தி, 67 கொடுத்து = தட்டவும்.
4. பிறகு 1-ஐக் கழிக்கவும்.

விடை 147573952589676412927. இதைக் கம்ப்யூட்டரின் பைனரி முறையில் எழுதினால் வரிசையாக 67 ஒன்றுகள்!

இந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. பிரான்சின் மெர்சென் என்ற துறவி, 1644-ல் இதைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்தார். 1876-ல் லூக்காஸ் இது பகா எண் அல்ல என்று நிரூபித்தார். ஆனால் காரணிகளை அவர் சொல்லவில்லை. 1903-ல் அமெரிக்கப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல் அவற்றை வெளியிட்டார்: 193707721, 761838257287. இரண்டையும் கால்குலேட்டரில் பெருக்கிப் பாருங்கள். நான் பெருக்கியபோது அதே 21 இலக்கங்கள் அப்படியே வந்தன.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இதை எப்படித் தேடினார்கள்? ஒரு விதி உதவியது. இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியையும் 134-ஆல் (67-ன் இரு மடங்கு) வகுத்தால் மீதி 1 வரும். 193707720-ஐ 134-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி 1445580 வரும். எனவே எல்லா எண்களையும் சோதிக்க வேண்டாம். 134-க்கு ஒன்று போதும். அப்படியும் முதல் காரணியை அடைய 14 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் குறுக்கே நிற்கின்றன.

பெருக்குவது நொடி வேலை; பிரிப்பதோ மலை வேலை. 1977-ல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடெல்மன் மூவரும் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. என்ற பூட்டு முறை இதை நம்பித்தான் இருக்கிறது. அதில் இன்று பரவலாகப் பயன்படும் 2048 பிட் எண்ணுக்கு 617 இலக்கங்கள். நாம் பார்த்ததுபோல எளிய வடிவம் அதற்குக் கிடையாது. எனவே குறுக்கு வழியும் இல்லை.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம். 16 இலக்கக் கார்டு எண்ணையோ நீளமான வங்கிக் கணக்கு எண்ணையோ எக்ஸெலில் அப்படியே டைப் செய்யாதீர்கள். 15-க்குப் பின் வரும் இலக்கங்கள் எல்லாம் 0 ஆகிவிடும்; எந்த எச்சரிக்கையும் வராது. டைப் செய்வதற்கு முன்பே செல்லைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் + 1 அழுத்தி, நம்பர் டேபில் டெக்ஸ்ட் என்பதை க்ளிக் செய்து ஓகே கொடுங்கள். டைப் செய்த பிறகு மாற்றினால், போன இலக்கங்கள் திரும்பி வராது.