கர்த்தரிடத்தில் விசாரித்த ரெபெக்காள்

ரெபெக்காள் மலடியாயிருந்தபோது வேண்டுதல் செய்தவன் ஈசாக்கு (ஆதியாகமம் 25:21). ஆனால் கர்ப்பத்தில் பிள்ளைகள் மோதிக்கொண்டபோது கர்த்தரிடத்தில் விசாரிக்கப்போனவள் ரெபெக்காளே. இளையவனே மேன்மையடைவான் என்னும் வெளிப்பாடு அவளுக்கே அருளப்பட்டது. அதை அவள் கணவனுக்கு அறிவித்ததாக வேதம் எங்கும் கூறவில்லை. இந்த மௌனம் கவனிக்கத்தக்கது.

ஈசாக்கு ஏசாவை ஆசீர்வதிக்க ஆயத்தமானபோது, வெள்ளாட்டுக்குட்டித் தோலால் யாக்கோபின் கைகளை மூடியவள் அவளே. சாபம் வந்தால் தன்மேல் வரட்டும் என்றும் ஏற்றுக்கொண்டாள். வாக்குத்தத்தம் தேவனுடையது, வஞ்சனையோ அவள் தெரிந்துகொண்ட வழி.

சிலநாள் மட்டும் என்றெண்ணி யாக்கோபை ஆரானுக்கு அனுப்பினாள். அவன் லாபானிடத்தில் 20 வருஷம் இருந்தான். அவன் கானானுக்குத் திரும்பியபின், ரெபெக்காளின் தாதி தெபொராளின் மரணமும் ஈசாக்கின் மரணமும் சொல்லப்படுகின்றன (35-ஆம் அதிகாரம்). ரெபெக்காளையோ அங்கே காணோம். அவள் மக்பேலா குகையில் அடக்கம்பண்ணப்பட்டதை யாக்கோபு தன் மரணவேளையில்தான் சொல்லுகிறான் (49:31).