ஸ்ரீவைகுண்டத்து வீடுகளும் வெள்ளக் காப்பீடும்

வீட்டுக் காப்பீடு, இடிந்த கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஆகும் செலவுக்கானது. மனையின் விலை அதில் வராது. இந்த ஒன்று புரியாததால்தான் பலருக்கும் அது எட்டாத செலவாகத் தோன்றுகிறது. நிலமும் வீடுமாக நாற்பது லட்சம் பெறும் சொத்தில் கட்டடத்தின் பங்கு பதினைந்து லட்சம் என்றால், காப்பீடு அந்தப் பதினைந்துக்குத்தான்.

தாமிரபரணிக் கரையில் இந்தக் கணக்கை 2023 டிசம்பர் வெள்ளம் கட்டாயமாக்கியது. கார்த்திகைக்கு மிஞ்சிய மழையில்லை என்பது சொலவடை. அந்த ஆண்டு மார்கழி முதல் தேதியான டிசம்பர் 17 அன்று கொட்டத் தொடங்கிய மழை, மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. பதிவானது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தைத் தாண்ட முடியாமல் நின்றதும், சுமார் 800 பயணிகள் சிக்கியதும் செய்தித்தாள்களில் வந்தவை. ஆறு மட்டும் கரைமீறியிருந்தால் ஆற்றோரத் தெருக்களோடு போயிருக்கும். குளங்களும் உடைந்ததால் ஆற்றுக்குத் தொலைவில் இருந்த வீடுகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. ‘நம்ம வீடு மேட்டில்தானே இருக்கு’ என்ற நம்பிக்கை அந்த இரவோடு போயிற்று.

அரசு நிவாரணம் வந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு ரூ. 6,000, முற்றிலும் இடிந்த வீட்டைப் புதிதாகக் கட்ட ரூ. 4 லட்சம், பழுதுபார்க்க அதிகபட்சம் ரூ. 2 லட்சம் என்று மாநில அரசு அறிவித்தது. அது அந்த வெள்ளத்துக்கான சிறப்பு அறிவிப்பு. வழக்கமான பேரிடர் நிவாரண விதிப்படி சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு ரூ. 1,20,000, ஓரளவு சேதமடைந்த காரை வீட்டுக்கு ரூ. 6,500. சுவர் விரிசலைப் பூசவே அந்த ஆறாயிரத்து ஐந்நூறு காணாது.

காப்பீடு எடுக்கப் போகிறவர் கேட்க வேண்டிய பெயர் ‘பாரத் க்ருஹ ரக்ஷா’. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த இந்தப் பொதுப் பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைவது எல்லாம் அடிப்படையிலேயே அடங்கும். இத்தகைய பாதிப்புக்குப் பின் ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டும் சேரும். சுற்றுச்சுவர், திண்ணை, செப்டிக் டேங்க், சோலார் பலகை ஆகியவை கட்டடத்தின் பகுதிகளே. வெள்ளத்தில் முதலில் சாய்வது சுற்றுச்சுவர் என்பதால் இது சிறிய விஷயமல்ல.

தொகையைக் குறிப்பதில்தான் கவனம் வேண்டும். வீட்டின் உள்பரப்பை, அந்த ஊரில் இன்று கட்டுமானத்துக்கு ஆகும் செலவால் பெருக்க வேண்டும். 750 சதுர அடிக்குச் சதுர அடி ரூ. 2,000 என்று வைத்தால் ரூ. 15 லட்சம். வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், இங்கே ரூ. 3 லட்சம், பட்டியல் கொடுக்காமலேயே சேர்ந்துவிடும்; உச்சவரம்பு ரூ. 10 லட்சம். தொகையைக் குறைத்துப் போட்டிருந்தாலும் இந்தப் பாலிசியில் அதற்கேற்ற விகிதத்தில் இழப்பீட்டை வெட்ட மாட்டார்கள். ஆனால் வீடு முழுதாகப் போனால் கட்டடத்துக்குக் கிடைப்பது எழுதிய தொகையைப் பொறுத்தே இருக்கும். பிரீமியத்தில் நூறு இருநூறு மிச்சம் பிடிக்கப் பத்து வருடத்துக்கு முந்தைய கட்டுமானச் செலவை எழுதுவது வீண் சிக்கனம்.

சேராதவையும் உண்டு. நாள்பட்ட கசிவு, கரையான், பழமையால் உதிரும் பூச்சு ஆகியவற்றுக்குப் பணம் கிடையாது. மின்னழுத்தக் கோளாறில் எரிந்த குளிர்பதனப் பெட்டிக்கும் இல்லை; அதிலிருந்து தீ பரவி வீடு எரிந்தால் வீட்டுக்கு உண்டு. வாசலில் நிற்கும் பைக்குக்கு வாகனப் பாலிசிதான். நகைக்குத் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும். முன்கட்டில் பலசரக்குக் கடையும் பின்கட்டில் குடியிருப்புமாக உள்ள வீடுகளில், கடைச் சரக்குக்குச் சிறுதொழில்களுக்கான ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ தனியாக வேண்டும். கட்டடத்தில் கடை இருப்பதை மறைத்து எழுதினால் பின்னால் வம்பு.

பிரீமியம் பெரும்பாலும் லட்ச ரூபாய்க்கு ஆண்டுக்குச் சில பத்து ரூபாய் என்ற அளவில்தான் இருக்கும். அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. பாலிசி வாசகம் ஒன்றே என்பதால் விலையை ஒப்பிடுவது எளிது. நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா போன்ற பொதுத்துறை நிறுவனங்களிலும் இரண்டு மூன்று தனியார் நிறுவனங்களிலும் ஒரே தொகைக்கு விலை கேட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும். பத்து ஆண்டு வரை ஒரே தடவையில் எடுக்கலாம். அப்போது தள்ளுபடி கேட்க இடமுண்டு. வாடகைக்கு இருப்பவர் சாமான்களுக்கு மட்டும் எடுத்தால் போதும். வீட்டுக் கடனோடு வங்கி சேர்த்துத் தரும் பாலிசியைப் பிரித்துப் படிப்பது அவசியம். பல சமயம் அது கடன் வாங்கியவரின் ஆயுள் காப்பீடாக இருக்கும். சுவருக்கும் கூரைக்கும் அதில் ஒன்றும் இருக்காது.

புரட்டாசிக்குள் எடுத்துவிடுவது நல்லது. காற்றழுத்தத் தாழ்வு நிலை அறிவித்த பிறகு போனால் நிறுவனம் தயங்கும். பாலிசி நகலை வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் கைபேசியிலும் வைக்க வேண்டும். அந்த டிசம்பரில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அற்றுப்போன ஊர்களில் பீரோவில் இருந்த காகிதம் சேறாகிவிட்டது.

தண்ணீர் வடிந்ததும் வீட்டைக் கழுவிவிடத் தோன்றுவது இயல்பு. கழுவும் முன் சுவரில் படிந்த தண்ணீர்க் கோடு, விரிசல், ஊறிய மெத்தை, கட்டில் எல்லாவற்றையும் படமெடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். சர்வேயர் வரும்வரை கெட்ட சாமான்களைத் தூர எறியாமல் ஓரமாகக் குவித்து வைப்பது உத்தமம். சேறும் இடிபாடும் அகற்றும் செலவுக்கு இழப்பீட்டில் 2 சதவீதம் வரையிலும், பொறியாளர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையிலும் கேட்கலாம். வீடு குடியிருக்க லாயக்கற்றுப் போனால் மாற்று வீட்டு வாடகையும் உண்டு. கேட்காதவருக்கு இவை பெரும்பாலும் வந்து சேர்வதில்லை.

கிளைமை மறுத்தாலோ குறைத்தாலோ முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணமோ வக்கீலோ தேவையில்லை, ரூ. 50 லட்சம் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு.