சேமிப்புக் கணினியும் அட்டவணைப் பணியும்

லினக்ஸ் கணினியில் கோப்புகளை விரைந்து தேடுதற்பொருட்டு, ‘அப்டேட்-டிபி’ என்னும் நிரல் வழக்கமாக நாள்தோறும் கோப்பகங்களைச் சுற்றிப் பார்த்து ஓர் அட்டவணை அமைக்கிறது. கோடிக்கணக்கான கோப்புகளைத் தாங்கும் சேமிப்புக் கணினியில் இந்நற்பணியே இடையூறாய் முடியும்.

நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டு, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லி விநாடி கொள்கிறது. சிதறிக் கிடக்கும் குறிப்புகளைப் படிக்க, வட்டின் முனை இங்குமங்கும் அலைகிறது. அதுகாறும் பயனாளரின் வேண்டுகோள்கள் காத்துக் கிடக்கின்றன.

இதற்குப் பரிகாரம் எளிது. அந்நிரலின் அமைப்புக் கோப்பில் ‘ப்ரூன்பாத்ஸ்’ என்றொரு வரி உண்டு. சேமிப்புப் பகுதியின் பாதையை அவ்வரியில் சேர்த்துவிட்டால், நிரல் அப்பகுதியினுள் நுழையாது. பிற கோப்புகளுக்கு அட்டவணை முன்போலவே கிடைக்கும். எவரும் பெயரிட்டுத் தேடாத இடத்திற்கு அட்டவணை எதற்கு?